இரண்டு மணி பத்து நிமிடம்

வால்தெர் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மஞ்சள் பலகை இருக்கிறது. முந்தாத்துக்கு நடந்து போக இரண்டு மணி பத்து நிமிடம் என்று அதில் எழுதியிருக்கிறது. பதினோரு வருடமாக அப்படித்தான் இருக்கிறது. அது தவறு.

முந்தாத்தில் விடுதி வைத்திருப்பவள் நான். மூன்று அறை, ஏழு கட்டில். மதிய ரயிலில் வருகிறவர்கள் பேருந்து மாறி ஒன்று இருபதுக்கு வால்தெரில் வந்து இறங்குவார்கள். பலகையைப் பார்ப்பார்கள். மூன்றரைக்கு மேலே போய்விடலாம், மூன்று ஐம்பதுக்கு முந்தாத்திலிருந்து கிளம்பும் கடைசிப் பேருந்தைப் பிடித்துவிடலாம் என்று நினைப்பார்கள். நான்கு மணிக்கு மேல், முகம் சிவந்து, காலியான நிறுத்தத்தில் வந்து நிற்பார்கள். எதிரே என் கதவு. உள்ளே அடுப்பில் வாற்கோதுமை சூப்.

கோடையில் என் கட்டில்களில் பாதி இப்படித்தான் நிரம்புகிறது.

பலகையை வைத்தது நான் இல்லை. எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். போன மாதம் ஒரு சிறுமி குதிகாலில் கொப்புளத்தோடு வந்தாள். அழுதாள். பிறகு மூன்று கிண்ணம் சூப் குடித்தாள். காலையில் அவளுடைய அப்பா, பேருந்தைத் தவறவிட்டது நல்லதாகப் போயிற்று என்றார். அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஜூன் மாதம் வந்த செவிலியை நினைப்பதில்லை. அவளுக்கு அன்று இரவுப் பணி. ஊரில் உள்ள ஒரே ஜீப் மேய்ச்சல் மலைக்குப் போயிருந்தது. அவள் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சூப்பைத் தொடவில்லை.

இந்தக் கோடையில் ஊராட்சிக்கு நான்கு புகார்க் கடிதங்கள் வந்தன. பாதைகளைப் பார்த்துக்கொள்ளும் லுரேனைக் கூப்பிட்டு, நீயே நடந்து அளந்து எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டார்கள். தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும். அதில் ஒன்றைக் கூட நடந்தவர் போட வேண்டும். பேருந்து ஓட்டும் க்ளாவ் இதை என்னிடம் சொன்னான்.

வியாழக்கிழமை சூப்பைச் சிறு தணலில் வைத்தேன். கதவைத் திறந்து போட்டேன். 'சூப் அடுப்பில். கிண்ணம் அலமாரியில். சாயங்காலம் வருவேன்' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். பேருந்தில் கீழே இறங்கினேன்.

லுரேன் பலகைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தான். நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பள்ளிக்கு ஒரே அறைதான். பனிக்காலத்தில் அவனுக்கு இடது இடுப்பு மூட்டை மாற்றியிருந்தார்கள். பள்ளியின் ஓட்டப்பந்தயக் கடிகாரம் அவன் கழுத்தில் தொங்கியது.

"நீயா?" என்றான்.

"கையெழுத்துப் போட ஆள் வேணும்னு க்ளாவ் சொன்னான்."

"அவன்கிட்ட ஒண்ணு சொன்னா ரேடியோவுல சொன்ன மாதிரி."

"வரட்டுமா, வேண்டாமா?"

"விடுதியை யாரு பாக்கறா?"

"சூப் பாத்துக்கும்."

அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். நான் என் காலணிக் கயிற்றைப் பார்த்தேன். மணி பதினொன்று ஐந்து. அவன் கடிகாரத்தை அமுக்கினான்.

என் திட்டம் எளிது. நான் முன்னால் போவேன். வேகமாகப் போவேன். ஓர் ஆண், அதுவும் புது இடுப்பு வைத்த ஆண், பின்தங்க வெட்கப்படுவான். இரண்டு மணி பத்து வராது. இரண்டு இருபத்தைந்து வந்தால்கூடப் போதும். பழைய பலகையே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

காட்டுப் பாதை செங்குத்து. ஊசியிலை காலடியில் மெத்தென்று இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினேன். அவன் பின்தங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் என் குதிகாலுக்கு இரண்டடி பின்னால் அவன் தொப்பி.

"இடுப்பு எப்படி இருக்கு?"

"எனக்கு முன்னாடி நடக்குது."

காடு முடிந்து முதல் புல்வெளி வந்தது. மாடுகளுக்காகக் கட்டிய கம்பி வேலி. பிடியைக் கழற்றி, உள்ளே போய், திரும்ப மாட்ட வேண்டும். லுரேன் கடிகாரத்தை நிறுத்தினான். நிறுத்திவிட்டு நாலு எட்டு நடந்தான். பிறகுதான் நின்றான். வேலியை மாட்டினான். மூக்கைச் சிந்தினான். இன்னும் மூன்று எட்டு நடந்துவிட்டுக் கடிகாரத்தை மறுபடி ஓடவிட்டான்.

நான் அந்த எட்டுகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டேன்.

அடுத்த வளைவில் மாட்டுத்தடம் ஒன்று நேராக மேலே ஏறுகிறது. வளைவைச் சுற்றினால் நான்கு நிமிடம், தடத்தில் ஏறினால் ஒன்றரை. தடத்தின் வாயில், 'புல்லை மிதிக்காதீர், பாதையில் செல்க' என்று ஒரு பலகை. லுரேன் வைத்தது. நான் தடத்தில் ஏறினேன். அவன் என் பின்னாலேயே ஏறினான். பலகையைப் பார்க்காத மாதிரி தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

எனக்குச் சந்தேகம் வந்தது. இவனுக்கு என்ன அவசரம்?

ஆனாலும் நல்ல நாள். சொல்லத்தான் வேண்டும். திங்கட்கிழமை பெய்த மழையில் புல் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஆர்னிகா மஞ்சளாகப் பூத்திருந்தது. வெட்டுக்கிளிகள் காலடியிலிருந்து தெறித்தன. பத்து வருடமாக நான் இந்தப் பாதையில் நடக்கவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து அதன் கடைசி இருபது நிமிடத்தைப் பார்ப்பதோடு சரி. கால்கள் என்னைக் கேட்காமலே சந்தோஷப்பட்டன.

சில்வாவில் நான்கே வீடு. ஒன்றில்தான் இப்போது ஆள். தொட்டியடியில் கீரை அலசிக்கொண்டிருந்த மென்ஜா நிமிர்ந்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் ஜோடியாக் கிளம்பிட்டீங்க?"

"நேரம் அளக்கறோம்" என்றான் லுரேன்.

"எதுக்கு? நேரம் எங்க போகப் போகுது? உள்ள வாங்க."

மென்ஜாவின் காபியை மறுத்துவிட்டு யாரும் சில்வாவைக் கடந்ததில்லை. முயன்றவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி அவள் இன்றும் பேசுவாள். லுரேன் கடிகாரத்தை நிறுத்தினான். காபியில் பிளம்ஸ் சாராயம் ஊற்றினாள். வால்நட் கேக் வெட்டினாள்.

"இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டாள்.

"நாற்பத்தாறு நிமிஷம்."

"பொய். எனக்கே ஒரு மணி நேரம் ஆகும்."

"நீ வழியில எல்லாரோடயும் நின்னு பேசுவ."

"வழியில யாரு இருக்கா? மாடுதான் இருக்கு."

"அதோடதான் பேசுவ."

அவள் அவன் தலையில் ஈரக் கீரையால் அடித்தாள். நாங்கள் எழுந்தபோது இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. அது கணக்கில் இல்லை. பலகையின் நேரம் நடக்கிற நேரம் மட்டும்தான்.

அடுத்த ஊரான பிராதாவைத் தேவாலய மணி அடிக்கும்போது கடந்தோம். அங்கே மணி ஐந்து நிமிடம் முந்தி அடிக்கும். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டுப் பயந்து ஓடுவார்கள். தொட்டியில் தண்ணீர் குடித்தோம். கடிகாரத்தை நிறுத்திவிட்டுத்தான் குடித்தோம். ஆனால் தொட்டிக்குப் பத்தடி முன்பே நிறுத்திவிட்டோம்.

பிராதாவுக்கு மேலே பெரிய புல்வெளி. வயல்காரன் ரிஷ் புல்லை அறுத்துப் போட்டிருந்தான். நேற்று முன்தினம் அறுத்தது, காய்ந்து, பச்சை மணத்தோடு கிடந்தது. மேற்கே கொடுமுடிக்குப் பின்னால் மேகம் ஒன்று தலையை நீட்டியது.

ரிஷ் தனியாகப் புல்லை வாரிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான். கூப்பிடவில்லை. மேகத்தை ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான்.

காய்ந்த புல் கிடக்கும்போது, மேகம் ஏறும்போது, வாரிக்கொண்டிருப்பவனைக் கடந்து இங்கே யாரும் போவதில்லை. சண்டைக்காரன் வயலாக இருந்தாலும் போவதில்லை. கொட்டகைச் சுவரில் எப்போதும் நாலைந்து மர வாரிகள் சாய்த்திருக்கும். லுரேன் கடிகாரத்தை நிறுத்தினான். நான் பையைக் கீழே வைத்தேன்.

ஒரு மணி நேரம் வாரினோம். வரிசை வரிசையாகப் புல்லை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினோம். முதுகு எரிந்தது. கைக்குப் பழைய வேலை மறக்கவில்லை. கடைசி வரிசை கொட்டகைக்குள் போனபோது மேகம் மனசை மாற்றிக்கொண்டு தெற்கே போய்விட்டது.

"போகட்டும்" என்றான் ரிஷ். "அடுத்த தடவை வரும்." உலர்ந்த இறைச்சியும் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் எடுத்து வைத்தான். கத்தியைத் தொடையில் துடைத்தான். லுரேனின் கழுத்தைப் பார்த்தான்.

"இது என்ன, மாட்டு மணிக்குப் பதிலா?"

"பாதையை மறுபடி அளக்கறான்" என்றேன். "பலகை சரியான்னு."

ரிஷ் ரொட்டியை மென்றபடி யோசித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"இந்தத் தடவையும் ஓடித்தான் அளக்கறியா?"

லுரேன் இறைச்சியைப் பார்த்தான்.

"என்ன ஓட்டம்?" என்றேன்.

"உனக்குத் தெரியாதா? அன்னிக்கு நான் இங்கதான் அறுத்துட்டு இருந்தேன். இவன் கீழ இருந்து ஓடி வர்றான். தொப்பி கையில. மூஞ்சி தக்காளி மாதிரி. மாடு கீடு விழுந்துடுச்சான்னு கத்தினேன். 'பஸ்ஸு!'ன்னான். நிக்கவே இல்லை. மறுவாரம் பாத்தா வால்தெர்ல பலகை. ரெண்டு மணி பத்து."

"ரிஷ்" என்றான் லுரேன்.

"என்ன ரிஷ்? உண்மைதானே? பாவம், அந்தப் பலகையைப் பாத்து பதினோரு வருஷமா ஜனங்க என் வயலைத் தாண்டி ஓடுது. ஒரு பொம்பளை செருப்பைக் கையில எடுத்துட்டு ஓடினா." கத்தி முனையால் என்னைக் காட்டினான். "ஆனா இவளுக்கு நல்லது. ஓடி வர்றதெல்லாம் இவ வீட்டுல போய் விழுது. நீ ஓடின, இவ சூப் ஊத்தறா."

ரிஷ் பாலாடைக்கட்டியை இன்னும் ஒரு துண்டு வெட்டி எனக்கு நீட்டினான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் சுட்டது.

புல்வெளியைத் தாண்டி நடந்தோம். கடிகாரம் ஓடவில்லை. இருவருமே கவனிக்கவில்லை. ஓடைப் பாலத்தில் லுரேன் நின்றான்.

"அன்னிக்கு என் அக்கா பொண்ணுக்குக் கல்யாணம். நாலரைக்குத் தேவாலயத்துல இருக்கணும். காலையில அளந்துட்டுப் போயிடலாம்னு நெனச்சேன். கிளம்ப நேரமாயிடுச்சு."

"பஸ் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. அதனால மறுபடி நடக்கலை. ஊராட்சியில கேட்டாங்க. கையில இருந்ததைச் சொன்னேன்."

"இன்னிக்கு அதே நேரம் வந்துட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு வேகமா நடந்தியா?"

"நீ எதுக்கு வேகமா நடந்த?"

நான் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து கீழே குனிந்தேன். பாலத்துக்கு அடியில் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போனது.

"மாட்டுத்தடத்துல ஏறினோமே" என்றேன் கடைசியில். "அதுக்கு ரெண்டரை நிமிஷம் சேர்த்துக்கோ."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "ஒரு மணி இருபத்தேழு. கூட ரெண்டரை."

"வேலியில நாலு எட்டு, மூணு எட்டு."

"பாத்தியா அதை?"

"எல்லா வேலியிலயும் பாத்தேன்."

"தொட்டியிலயும்" என்றான் அவனே.

"தொட்டியிலயும். வயல்ல இருந்து இங்க வர்ற வரைக்கும் கடிகாரமே ஓடலை."

எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிடம் என்று முடிவு செய்தோம். ஒரு மணி முப்பத்தாறு. அவன் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டான். பிறகு கடிகாரத்தை ஓடவிட்டு, எல்லோரும் நடக்கிற மாதிரி நடந்தோம்.

எல்லோரும் நடக்கிற மாதிரி நடந்தால் நிறையத் தெரிகிறது. கொழுத்த மலை அணில் போன்ற மர்மோட் ஒன்று பாறைமேல் எழுந்து நின்று சீட்டியடித்தது. நீல ஜென்டியன் பூக்கள் புல்லுக்குள் கண் திறந்திருந்தன. ஒரு கன்று என் சட்டைக் கையை நக்கியது. லுரேனின் இடுப்பு ஏற்றத்தில் மெல்ல இழுத்தது. இதுவரை அவன் அதை மறைத்திருந்தான். நான் அவனுக்காகக் கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.

தோள்பட்டை போல மலை வளையும் இடத்தில் ஒரு மரச் சிலுவை. அங்கேதான் முந்தாத் முதலில் தெரியும். என் ஜன்னலிலிருந்து நான் தினமும் பார்ப்பதும் அந்தச் சிலுவையைத்தான். அங்கிருந்து நிறுத்தத்துக்கு நடந்தால் இருபது நிமிடம். ஓடினால் பன்னிரண்டு. எத்தனை பேர் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மணி மூன்று பதின்மூன்று. சிலுவையடியில் நின்று வந்த வழியைப் பார்த்தோம். கீழே, ரிஷ்ஷின் வயலுக்கு மேலே, இரண்டு புள்ளிகள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். வேகமாக வந்துகொண்டிருந்தன.

"மதிய பஸ்ஸுல வந்தவங்க" என்றான் லுரேன். "பிடிச்சுடுவாங்களா?"

நான் பார்த்தேன். பதினோரு வருடப் பழக்கம். கண் தானாகவே அளந்துவிடும். சிலுவைக்கு வர இன்னும் அரை மணிக்கு மேல். பிறகு ஓட்டம்.

"மாட்டாங்க" என்றேன். "ஏழு நிமிஷத்துல விடுவாங்க."

இரண்டு பேர். இரட்டைக் கட்டில் அறை காலியாகத்தான் இருந்தது.

முந்தாத் நிறுத்தத்துக்கு வந்து லுரேன் கடிகாரத்தை அமுக்கினான். கூட்டிப் பார்த்ததில் இரண்டு மணி நாற்பத்தாறு.

"நாம இங்கயே பொறந்தவங்க" என்றேன். "வெளியூர்க்காரங்களுக்காக இன்னும் நாலு போடு."

'2 மணி 50 நிமிடம்' என்று எழுதினான். கையெழுத்திட்டான். பேனாவை என்னிடம் கொடுத்தான். தாளை என் விடுதி வாசல் மேஜையில் வைத்தேன். அவன் வேறெங்கோ பார்த்தான்.

"கட்டில் படம் போட்ட தகடு ஒண்ணு இருக்கு" என்றான். "பலகையில உன் விடுதி பேருக்குப் பக்கத்துல மாட்டறது. இங்க தங்கலாம்னு அர்த்தம். அந்த வருஷமே ஊராட்சியில செஞ்சு கொடுத்துட்டாங்க. என் கொட்டகையில கிடக்கு."

"பதினோரு வருஷமாவா?"

"ரெண்டு திருகாணி வேணும். அன்னிக்கு நான் ஓடிட்டு இருந்தேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் திருகாணியைப் பாத்தாலே கல்யாணம் ஞாபகம் வந்துச்சு."

நான் சிரித்துவிட்டேன். அந்தத் தகட்டைப் பார்த்து யாராவது வருவார்களா என்று எனக்குத் தெரியாது. ஓடி வருகிறவர்கள் நிச்சயமாக வந்தார்கள். கையெழுத்திட்டேன்.

மூன்று நாற்பத்தைந்துக்கு க்ளாவ் பேருந்தைத் திருப்பி நிறுத்தினான். சிலுவையில் சிவப்பும் நீலமும் தெரிந்தன. கீழே பேருந்தைப் பார்த்துவிட்டன. ஓட ஆரம்பித்தன.

லுரேன் ஏறி உட்கார்ந்தான். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான்.

வழக்கமாக இந்த நேரத்தில் நான் சமையலறைக்குள் போய்க் கிண்ணங்களை எடுத்து வைப்பேன். இன்று பேருந்தின் முன்கதவுக்குப் போனேன்.

"க்ளாவ், கொஞ்சம் நில்லு. ரெண்டு பேர் வர்றாங்க."

க்ளாவ் என்னைப் பார்த்தான். மேலே சரிவைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"உடம்பு சரியில்லையா?"

"நிப்பியா மாட்டியா?"

"இந்தப் பஸ் இதுவரைக்கும் யாருக்காகவும் நின்னதில்லை. பாதிரியாருக்காகக்கூட நின்னதில்லை."

"பாதிரியார் ஓடி வரலை."

அவன் மணியைப் பார்த்தான். "கீழ போனா ரயிலுக்கு முன்னாடி ஒன்பது நிமிஷம் மிச்சம் இருக்கும். ஏழு நிப்பேன். அதுக்கு மேல நீயே ஓட்டிக்கோ."

"ஏழு போதும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

சரியாக மூன்று ஐம்பதுக்கு உள்ளே லுரேன் கழுத்துக் கடிகாரத்தை அமுக்கினான். ஆறு நிமிடம் நாற்பது வினாடியில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். நடுவயதுப் பெண்ணும் அவளுடைய தங்கையும். பேச மூச்சில்லை. நீலச் சட்டைக்காரி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தாள்.

"சூப்பா?" என்றாள்.

"ஏறும்மா" என்றான் க்ளாவ். "இன்னும் இருபது வினாடிதான்."

ஏறினார்கள். கதவு மூடியது. மஞ்சள் பேருந்து வளைவில் திரும்பும்போது மூன்று சுரத்தில் ஒலி எழுப்பியது. பிறகு ஓடைச் சத்தம் மட்டும்.

உள்ளே போனேன். யாரோ வந்துபோயிருந்தார்கள். மூன்று கிண்ணங்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பானையில் பாதி இருந்தது. எனக்கு ஊற்றிக்கொண்டு வாசல் மேஜையில் உட்கார்ந்தேன். கால்கள் இனிமையாக வலித்தன. தலைமுடியில் புல் மணம். பழக்கத்தில் சிலுவையைப் பார்த்தேன். யாரும் இல்லை. மாடுகள் மட்டும் மேய்ந்தபடி கீழே இறங்கின.

சூப் நன்றாக இருந்தது. இன்னொரு கிண்ணம் குடித்தேன்.

பிறகு எழுந்து சமையலறை இழுப்பறையைத் திறந்தேன். நூல்கண்டு, மெழுகுவத்தி, பழைய சாவிகள். அடியில் பித்தளைத் திருகாணிகள் இருந்தன. துருப்பிடிக்காத இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். ஓர் உறையில் போட்டு ஒட்டி, லுரேன், வால்தெர் என்று எழுதினேன். காலைப் பேருந்தில் க்ளாவிடம் கொடுத்துவிட மறக்கக் கூடாது என்று கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.